பாதிப் பொருத்தமும் முழு நிராகரிப்பும்

1

நான் ஓட்டும் பஸ் ஒரு நாளைக்கு ஏழு தடவை குடிவரவு அலுவலகத்தின் வாசலில் நிற்கும். தரிப்பிடமே அங்கேதான். முன்கதவைத் திறந்து, இறங்குகிறவர்களுக்கு "நாள் நல்லபடி போகட்டும்" என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் கொம்பனி விதி. ஆறு வருடமாகச் சிரித்த முகத்தோடு சொல்லி வந்தேன். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு சொல்வதில்லை. கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன். யாராவது முறைப்பாடு செய்தால் செய்யட்டும்.

செவ்வாய்க்கிழமை அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றைக்குத்தான் என் மனைவி வசந்திக்கு ஸ்டெம் செல் ஏற்றி ஒரு வருடம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் அதை இரண்டாவது பிறந்தநாள் என்று சொல்கிறார்கள். காலையில் போனபோது தாதிமார் ஒரு சின்னக் கேக்கில் ஒற்றை மெழுகுதிரி ஏற்றிக் கைதட்டினார்கள். மிச்சக் கேக்கைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கதவுக்குக் கீழே கடிதம் கிடந்தது.

கடிதத்தில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் சோடித்துச் சொல்கிறேன் என்பீர்கள். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். வசந்திக்கு இரத்தப் புற்றுநோய். அவளை உயிரோடு வைத்திருப்பது என் தங்கச்சி மல்லிகாவின் ஸ்டெம் செல். மல்லிகா இருப்பது திருகோணமலையில், சல்லியில். அவள் இன்னொரு முறை இங்கே வந்து போக வேண்டும், இல்லாவிட்டால் நோய் திரும்பிவிடும் என்கிறார் டொக்டர். வரவிட மாட்டோம் என்கிறது அலுவலகம்.

நான் இருக்கும் நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று மகள் ஆரணி கேட்டுக்கொண்டாள். இருபத்தொரு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்பதே அபூர்வம், கேட்டதைச் செய்துவிடுவோம். குளிர், கடல், துறைமுகம் எல்லாம் உள்ள ஒரு நாடு. துறைமுகம் என்றால் எங்களுடையதில் கால்வாசி வராது. இருந்தும் இவர்கள் அதைப் பற்றிப் பெருமையடிப்பதைக் கேட்க எரிச்சலாக வரும்.

2

நோய் பிடிபட்டபோது டொக்டர் முதலில் கேட்டது சகோதரங்களைப் பற்றி. வசந்திக்கு ஒரே ஒரு அண்ணன். யுத்தத்தில் போனவர், திரும்பவில்லை. தாய் தகப்பனும் இல்லை. அடுத்ததாக, முகம் தெரியாமல் தானம் செய்யப் பெயர் கொடுத்திருப்பவர்களின் பதிவேட்டில் தேடினார்கள். உலகம் முழுவதும் தேடினோம், முழுப் பொருத்தம் ஒருவரும் இல்லை, அந்தப் பதிவேட்டில் உங்கள் ஆட்கள் மிகவும் குறைவு என்றார் டொக்டர். தேர்த்திருவிழாவுக்கு மூன்று மண்டபம் நிரம்பச் சனம் சேர்கிற ஊர் இது. கன்னத்துக்குள் ஒரு பஞ்சுக் குச்சியை வைத்து எடுக்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதில் நானும் ஒருவன்தான். வீட்டில் இழவு விழும் வரைக்கும் அப்படி ஒரு பதிவேடு இருப்பதே எனக்குத் தெரியாது.

இப்போது பாதிப் பொருத்தம் இருந்தாலும் செய்கிறோம் என்றார் டொக்டர். உயரமான பெண், எதைச் சொன்னாலும் கடதாசியில் கீறிக் காட்டுவார். பொருத்தம் பார்ப்பது இழைய வகையை வைத்து, ஒவ்வொருவருக்கும் அது இரண்டு கட்டாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. வசந்திக்கு ஒரு நீலக் கோடும் ஒரு மஞ்சள் கோடும் கீறினார். தகப்பன் கொடுத்தது நீலம், தாய் கொடுத்தது மஞ்சள். பிள்ளைகளுக்கு இந்த இரண்டில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும், ஆகவே பிள்ளைகள் எப்போதும் பாதிப் பொருத்தம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், ஆரணியும் அவளுக்கு இளைய நிதுஷனும். இருவரும் பதினெட்டைத் தாண்டியவர்கள்.

இருவரும் சரிவரவில்லை. காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். பிள்ளைகள் இருவருக்கும் மற்றப் பாதி என்னிடமிருந்து போனது. டொக்டர் அதைச் சிவப்பாகக் கீறினார். வசந்தி அவர்களை வயிற்றில் சுமந்த காலத்திலேயே அவளுடைய உடம்பு அந்தச் சிவப்பை அந்நியம் என்று கண்டுபிடித்து, அதை அழிக்கப் பிறபொருளெதிரிகளைச் செய்து வைத்துவிட்டதாம். எல்லாத் தாய்மாருக்கும் இப்படி வருவதில்லை, வந்தாலும் பலருக்கு மருந்தால் குறைக்கலாம். வசந்திக்கு அளவு மிகவும் அதிகம். பிள்ளைகளின் ஸ்டெம் செல்லை ஏற்றினால் அவளுடைய உடம்பே அதைக் கொன்றுவிடும்.

ஆரணி இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது வசந்தி கடதாசியைத் தன் பக்கம் இழுத்து, சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள்.

"பத்து மாசம் சுமந்த பிள்ளையளை என்ர உடம்பு எதிரியெண்டு பிடிச்சு வச்சிருக்கோ," என்றாள். "இது என்ன நியாயம் பிள்ளை?"

ஆரணி அதை டொக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை.

3

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

வசந்தி என் சொந்த மாமாவின் மகள். என் அம்மாவும் அவளுடைய அப்பாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. மச்சாளைக் கட்டினான் என்றால் அதற்கு மேல் ஒரு கேள்வி வராது. மச்சாள் இருக்க வெளியில் கட்டினால்தான் கேள்வி வரும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான் இருந்தது. கரைவலை மீனோடு வந்து சேர்ந்தால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மச்சான், மாமி உங்களைக் கூடை கொண்டு வரட்டாம்" என்று கத்துவாள். அப்போது அவளுக்கு எட்டு வயதிருக்கும்.

நான் இங்கே வந்து விசா எடுத்து, அவளை ஸ்பொன்சர் செய்யப் போனபோது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. மணமக்களுக்குள் இரத்த உறவு உண்டா என்று. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பித் தருகிற ஒருவர் அப்போது இருந்தார். நல்ல மனிசன்தான்.

"இல்லையெண்டு போடும் தம்பி," என்றார். "சொந்தமெண்டு போட்டா, கட்டாயக் கலியாணமோ எண்டு கிண்டத் தொடங்குவினம். பிறகு பிள்ளை மூண்டு வருசம் அங்க கிடந்து காயும்."

"பொய்யெல்லோ அண்ணை?"

"இதென்ன பெரிய பொய். உமக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதோ?"

நான் "இல்லை" என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். வசந்தி வந்து இறங்கிய அன்றே, விமான நிலையத்தில் வைத்தே, இங்கே ஆட்களுக்கு முன்னால் என்னை மச்சான் என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். அன்றிலிருந்து, மற்றப் பெண்சாதிமார் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சருங்கோ" ஆனேன். ஆரணி வயிற்றில் இருந்தபோது மருத்துவமாது அதே கேள்வியைக் கேட்டாள். ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அதற்கு எதிராக உண்மையைச் சொல்ல முடியுமா? இல்லை என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்கு அந்த "இல்லை" தானாகவே நடந்து போனது. இவர்களுடைய கணினிகள் வேறெதையும் இவ்வளவு கவனமாகக் காப்பாற்றி நான் கண்டதில்லை.

பிள்ளைகளுக்கும் நாங்கள் சொல்லவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சந்தியில் நிற்கும் தமிழரெல்லாம் மாமா, மாமி. யார் யாருக்கு என்ன முறை என்று அவர்கள் கேட்டதுமில்லை.

4

பிள்ளைகள் இருவரும் தவறிப்போன பிறகு டொக்டர் எங்களை மறுபடி கூப்பிட்டார். நான், வசந்தி, மொழிபெயர்க்க ஆரணி. மேசையில் அதே கடதாசி, அதே நிறப் பேனைகள்.

"கடைசியாக ஒருமுறை கேட்கிறேன். அம்மாவுக்கு வேறு இரத்த உறவு யாருமே இல்லையா? தகப்பனின் சகோதரங்கள், அவர்களுடைய பிள்ளைகள்?"

ஆரணி தமிழில் கேட்டாள். நான் குனிந்து மேசையிலிருந்த கைதுடைக்கும் கடதாசிப் பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசித்தேன். தகப்பனின் சகோதரியின் பிள்ளை அந்த அறையில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய்த் தகவல் கொடுத்தவர்களின் குடியுரிமையைப் பறித்த கதைகள் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. என்னைப் பிடித்து அனுப்பிவிட்டால் இவள் மருந்துக்கு யார், பிள்ளைகளுக்கு யார் என்று என் புத்தி கணக்குப் போட்டது. மனைவி சாகக் கிடக்கிறாள், நான் புள்ளடிக்குப் பயந்துகொண்டிருக்கிறேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

வசந்தி என் கையைத் தட்டினாள்.

"மச்சான், நான் சொல்லப்போறன்."

இருபத்திரண்டு வருடத்தின் பின் அந்தச் சொல்லைக் கேட்கிறேன். நான் நிமிர்வதற்குள் அவள் ஆரணி பக்கம் திரும்பிவிட்டாள்.

"சொல்லு பிள்ளை டொக்டருக்கு. உன்ர அப்பா என்ர சொந்த மாமியின்ர மகன். என்ர அப்பாவும் அவரின்ர அம்மாவும் கூடப் பிறந்த ஆக்கள். மல்லிகா மாமியும் அப்பிடித்தான்."

ஆரணி தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இருக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறகு டொக்டரைப் பார்த்து, ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள்.

டொக்டர் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன். அவர் புதுக் கடதாசி ஒன்றை இழுத்தார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. உங்களையே நாங்கள் இன்னும் பரிசோதிக்கவில்லை. கணவர் இரத்த உறவு இல்லை என்று கோப்பில் எழுதியிருக்கிறது."

5

கார் தரிப்பிடத்தில் ஆரணி வெடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும். பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்தில் சொந்தத்துக்குள் கட்டுவதைப் பற்றிப் படிப்பித்தபோது தான்தான் எல்லோரையும் விடச் சத்தமாக அருவருப்பு என்று சொன்னதாகவும், நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்ததாகவும் சொன்னாள். உண்மைதான், இருந்தோம். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

"நோய் வந்திருக்காவிட்டால் எப்போது சொல்லியிருப்பீர்கள்?" என்றாள்.

சொல்லியிருக்கவே மாட்டேன். அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. அவள் மூன்று கிழமைக்குள் வேறு அறை பார்த்துப் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் தவறாமல் வருவாள், மொழிபெயர்ப்பாள், பஸ் ஏறிப் போய்விடுவாள். என் பஸ் வந்தால் ஏறமாட்டாள், அடுத்ததற்கு நிற்பாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. யார் யாரைக் கட்ட வேண்டும் என்று இந்த நாட்டுப் பாடப்புத்தகமா சொல்வது என்று வீட்டுச் சுவரோடு சண்டை பிடித்தேன். வெட்கப்பட்டது நான், ஒளித்தது நான், அவளுக்கு அந்த வெட்கத்தைக் கொடுத்ததும் நான். அது விளங்கப் பல நாள் பிடித்தது.

6

முதலில் என்னைப் பரிசோதித்தார்கள். எனக்கும் அந்த நீலம் இருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா வீட்டிலிருந்து, மாமா வழியாக அவளுக்கும் அம்மா வழியாக எனக்கும் இறங்கிய நீலம். ஆனால் என் மற்றப் பாதி அந்தச் சிவப்பு. அதற்கு எதிராக வசந்தியின் உடம்பு ஏற்கெனவே ஆயத்தமாக நிற்கிறது.

இனி மல்லிகா. அம்மாவிடமிருந்து நீலம் அவளுக்கு இறங்கியிருக்க வேண்டும். அப்பாவிடமிருந்து சிவப்பு இறங்கியிருக்கக் கூடாது. நாலில் ஒரு வாய்ப்பு என்றார் டொக்டர்.

பஞ்சுக் குச்சிப் பெட்டியை அனுப்பினோம். கூரியர் கொண்டுபோனவன் சல்லி எங்கே என்று தெரியாமல் நிலாவெளி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறான். கடைசியில் மல்லிகாவே டவுனுக்குப் போய் வாங்கிவிட்டுத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணா, இதைக் கன்னத்துக்க வைக்க முதல் பல்லு மினுக்கலாமோ?"

"மினுக்காதை. வாய் கொப்புளிச்சிட்டு வை."

"மச்சாளுக்குப் போற சாமானெல்லோ, துப்பரவா இருக்கோணும் எண்டு கேட்டனான்."

முடிவு வந்தது. நீலமும் பச்சையும். பச்சை அப்பாவின் மற்றக் கட்டு. சிவப்பு இல்லை. டொக்டர் கடதாசியில் வரிசையாகச் சரி அடையாளம் போட்டுக்கொண்டே போனார். வயது முப்பத்தெட்டு, நல்லது. இரத்த வகை ஒத்துப்போகிறது, நல்லது. பழைய வைரஸ் தொற்று இருவருக்கும் ஒரே மாதிரி, நல்லது. பிள்ளை பெறவில்லை, அதுவும் நல்லது. பிள்ளை பெற்ற பெண்களின் இரத்தக் கலங்கள் சிலவேளை நோயாளியின் உடம்போடு சண்டைக்குப் போகுமாம்.

அந்தக் கடைசிச் சரி அடையாளத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மல்லிகா கலியாணம் கட்டிப் பதினைந்து வருடம். புருசன் கடலுக்குப் போகிறவன், நல்ல பிடிப்பான குடும்பம். ஆனால் பிள்ளை இல்லை என்பதற்காக அவள் கேட்காத பேச்சில்லை. வெருகல் முருகனுக்கு எத்தனை வருடம் நடந்து போனாளோ தெரியாது. தொலைபேசியில் நானும் புத்தி சொன்னவன்தான், அந்த டொக்டரைப் பார், இந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள் என்று. அவளுக்குப் பிள்ளை இல்லாததை நல்லது என்று எழுதிய முதல் ஆள் இந்த வெள்ளைக்காரப் பெண்தான்.

மல்லிகா விசாவுக்கு விண்ணப்பித்தபோது அதையே குறை என்று எழுதியது குடிவரவு அலுவலகம். விசா நிராகரிப்புக் கடிதத்தில் இருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன். "விண்ணப்பதாரருக்குப் பிள்ளைகள் இல்லை. நிரந்தரத் தொழில் இல்லை. எனவே அவர் நாடு திரும்புவார் என நம்பப் போதிய காரணம் இல்லை. மேலும், எமது பதிவுகளின்படி அவர் நோயாளியின் கணவரது சகோதரி மட்டுமே; நோயாளிக்கு இரத்த உறவினர் அல்லர்."

என் புள்ளடி சுற்றி வந்து என் தலையிலேயே விழுந்தது.

பொய்யை ஒப்புக்கொண்டு எழுதினேன். குடியுரிமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆதாரம் மட்டும் கேட்டார்கள். அம்மாவினதும் மாமாவினதும் பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டுமாம். மாமா பிறந்தது இலங்கைத்துறை என்ற கடற்கரைக் கிராமத்தில். அவரிடம் இருந்தது வெறும் உத்தேச வயதுச் சான்றிதழ், அதில் தாய் தகப்பன் பெயரும் உத்தேசம்தான். மல்லிகா வேலையைப் போட்டுவிட்டு பஸ் மாறி மாறி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள்.

"அண்ணா, இஞ்ச ஒரு ஐயா சொல்லுறார், பதிவுப் புத்தகத்தில பாதி சண்டையில போச்சாம், மிச்சம் சுனாமியோட போச்சு, கடலைத்தான் கேக்கோணுமாம். நான் என்ன செய்ய, கடலிட்டை முத்திரை குத்தி வாங்கேலாதெல்லோ."

இது நடந்துகொண்டிருக்கும்போது வசந்தி இன்னொரு சுற்று மருந்து எடுக்க வேண்டி வந்தது. மாற்றுச் சிகிச்சை தள்ளிப்போனதால் இடையில் நோயை அடக்கி வைக்கத்தான். நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் மூச்சுக்குத் திணறினாள். கடைசியில் டொக்டர் தானே அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சத்தம் போட்டார். பதினைந்து நாள் விசா வந்தது. ஒரே ஒரு தடவை உள்நுழையலாம்.

7

மல்லிகா வந்தாள். ஐந்து நாள் காலையில் ஊசி. எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்லை இரத்தத்துக்கு இறக்க அந்த ஊசி, எலும்பெல்லாம் உளையும் என்றார்கள்.

"வள்ளம் தள்ளின மாதிரித்தான் கிடக்கு," என்றாள். "இதுக்கு ஏன் ஆளாளுக்கு வந்து பாவமாய்ப் பாக்கினம்?"

ஒரு கையால் இரத்தம் இயந்திரத்துக்குப் போய் மறு கையால் திரும்பி வந்தது. நான்கு மணித்தியாலம் அசையாமல் கிடந்தாள். சேர்ந்தது ஒரு சின்னப் பை, மிளகாய் போட்ட தேங்காய்ப்பால் சொதி நிறத்தில். "இவ்வளவுதானோ? இதுக்கோ என்னைப் பிள்ளையில்லாதவள் எண்டு மறிச்சவை?" என்று கேட்டாள். ஆரணி பக்கத்தில் நின்றாள். அதையும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் இரண்டு கையிலும் குழாய் செருகியிருந்த மாமிக்குக் கரண்டியால் தயிர் ஊட்டிவிட்டாள். வீட்டை விட்டுப் போனவள் அந்தப் பதினைந்து நாளும் ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்கு வந்தாள். குசினியில் மல்லிகாவுக்குப் பக்கத்தில் நின்று, யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினாள். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் மல்லிகா திரும்பிப் போனாள். திரும்பமாட்டாள் என்று எழுதியவர்களுக்கு அவளுடைய கடவுச்சீட்டில் விழுந்த முத்திரையைப் பிரதி எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

8

மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு மாதாமாதம் ஒரு சோதனை உண்டு. வசந்தியின் இரத்தத்தில் எவ்வளவு மல்லிகாவுடையது, எவ்வளவு பழைய வசந்தியுடையது என்று பார்ப்பார்கள். முழுக்க மல்லிகா என்று இருந்தால் நல்லது. எட்டாம் மாதம் வரைக்கும் அப்படியே இருந்தது. பிறகு பழையது கொஞ்சம் தலைகாட்டியது. மல்லிகாவின் வெள்ளை இரத்தக் கலங்களை ஏற்றினால் அடக்கலாம் என்றார் டொக்டர். அவள் வந்தபோது எடுத்ததில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்திருந்தார்கள், அதை ஏற்றினார்கள். சோதனையில் திரும்பவும் முழுக்க மல்லிகா. ஆனால் ஒருமுறை தலைகாட்டியது மறுபடியும் வரும், ஆறு மாதத்துக்குள் இன்னொரு தரம் ஏற்றியே ஆக வேண்டும், சேமிப்பு முடிந்துவிட்டது.

கொழும்பில் எடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன். உயிருள்ள கலங்கள், நேரத்துக்குள் வர வேண்டும், இரண்டு நாட்டு அனுமதி வேண்டும், அதைவிட ஆளைக் கூப்பிடுவது லேசு என்றார். ஒருமுறை சத்தம் போட்ட பிறகும் டொக்டருக்கு எங்கள் ஊர்க் கடவுச்சீட்டைப் பற்றித் தெரியவில்லை.

மறுபடியும் விண்ணப்பம். இந்த முறை கோப்பைப் பார்த்தது வேறொருவர். போன முறை கொடுத்தது விதிவிலக்கு, இந்த முறை இரத்த உறவை மரபணுச் சோதனையால் நிரூபியுங்கள் என்று எழுதினார். எனக்குச் சந்தோசம். கடலில் போன புத்தகத்தை இனி யாரும் கேட்கமாட்டார்கள். மல்லிகா கொழும்புக்குப் போய் அவர்கள் சொன்ன இடத்தில் இரத்தம் கொடுத்தாள். வசந்தி இங்கே கொடுத்தாள். வசந்திக்கு மாற்றுச் சிகிச்சை நடந்ததைப் பற்றி டொக்டர் எழுதிய கடிதத்தை உறையில் போட்டு நானே கொண்டுபோனேன். இரத்தம் எடுக்கும் இடத்தில் இருந்த பெண் உறையைத் திறக்காமலே திருப்பித் தந்தாள். படிவம் மட்டும் போதும், மேலதிகக் கடதாசி ஏற்பதில்லை என்றாள். நான் வாதாடினேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள்.

அந்தச் சோதனையின் முடிவுதான் செவ்வாய்க்கிழமை வந்த கடிதம்.

"இரு மாதிரிகளும் ஒரே நபரிடமிருந்து பெறப்பட்டவை என ஆய்வுகூடம் உறுதிசெய்கிறது. எனவே மோசடி சந்தேகிக்கப்படுகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மூன்று வாரங்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்."

வசந்தியின் உடம்பில் ஓடுவது மல்லிகாவின் இரத்தம். அப்படி ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். எடுத்துப் பார்த்தால் மல்லிகாதான் வருவாள் என்பது முதலாம் வருடத் தாதிக்கும் தெரியும். ஐயாயிரம் மைல் இடைவெளியில், இரண்டு நாட்டில், இரண்டு கையில் எடுத்த இரத்தத்தை ஒருத்தியே கொடுத்தாள் என்று கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வசந்தி கடிதத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு கேக் பெட்டியை மூடி அப்பால் தள்ளி வைத்தாள். "ஆறு மாசமெண்டெல்லோ டொக்டர் சொன்னவ," என்றாள்.

நான் அன்றைக்கே நான்கு பக்கம் எழுதினேன். இந்த நாட்டு மொழியில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து ஆரணி வகுப்பு முடிந்து நேரே வந்தாள். நான் எழுதியதை நின்றபடியே வாசித்தாள், நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். குசினி மேசையில் கணினியை வைத்து எழுதத் தொடங்கினாள். முகத்தைப் பார்த்தேன். கண் சிறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்.

அப்போது மல்லிகா தொலைபேசியில் இருந்தாள், முடிவு கேட்க எடுத்திருந்தாள். வசந்தி அதைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தாள்.

டொக்டர் ஐந்து பக்கத்தில் எழுதித் தந்த விளக்கத்தை முதல் இணைப்பாக வைத்துவிட்டு, ஆரணி தன்னுடையதை வாசித்தாள். மல்லிகாவுக்காக வரிக்கு வரி தமிழில் சொன்னாள். அவள் தமிழ் தட்டுப்பட்ட இடங்களில் வசந்தி எடுத்துக் கொடுத்தாள்.

"இவர்கள் இருவரும் ஒரே நபர் என்று உங்கள் ஆய்வுகூடம் உறுதிசெய்துள்ளது. அந்த நபர் இந்த நாட்டின் குடிமகள். அவரது கடவுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன். அவர் தற்போது இலங்கையில் இருக்கிறார். வீடு திரும்ப அவருக்கு விசா தேவையில்லை என நம்புகிறேன்."

எனக்குப் பயம் பிடித்தது. "பிள்ளை, விளையாட்டாய் எழுதாதை. உவங்களோட பகிடி விட ஏலாது. திரும்பவும் பொய் எண்டு பிடிப்பாங்கள்."

"பொய் எழுதினது நீங்கள் அப்பா," என்றாள், தமிழில். "இது அவை எழுதினது. இன்னும் முடியேல்லை, கேளுங்கோ."

வாசித்தாள்.

"முதலாவது நிராகரிப்பில் இவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் முடிவின்படி அதுவும் பிழை. இவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நான்."

கீழே தன் முழுப் பெயரையும் போட்டிருந்தாள்.

நான் மறிக்கவில்லை. தொலைபேசியில் சத்தமே இல்லை, இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். வசந்தி குனிந்து, "மச்சாள், நிக்கிறியோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் மல்லிகா. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பிள்ளை படிப்பு முடிஞ்சு நேரே வந்திருக்கிறாள் போல. சாப்பிட்டிட்டாளோ எண்டு கேள் மச்சாள்."